எல்லாக் கோடுகளும் உங்களிடமே வருகின்றனவா? குழுச் சிகிச்சையில் சமூகப் பணியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் நடத்திய முதல் குழுச் சிகிச்சை அமர்வில், என் மேற்பார்வையாளர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். அமர்வு முடிந்ததும் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். எங்களையெல்லாம் வட்டமாகப் புள்ளிகளாக்கி, யார் யாரிடம் பேசினாலும் இரு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்திருந்தார். உறுப்பினர்கள் எட்டுப் பேர். ஏறத்தாழ எல்லாக் கோடுகளும், சக்கரத்தின் ஆரங்கள் அச்சில் கூடுவது போல, என் புள்ளியில் வந்து கூடியிருந்தன. அமர்வு நன்றாகப் போனதாக நான் நம்பியிருந்தேன். உண்மையில் தலைக்குப் பத்து நிமிடம் வீதம் எட்டுத் தனி ஆலோசனைகளை, ஒவ்வொரு முறையும் ஏழு பேரைக் காக்க வைத்து, நடத்தியிருக்கிறேன்.

குழு நடத்தும் சமூகப் பணியாளரின் தவறுகளில் இதையே முதலில் வைப்பேன். மற்றவற்றில் பலவும் இதன் கிளைகள்தான்.

குழுவில் மருந்தாக வேலை செய்வது உறுப்பினர்களுக்கு இடையே நடப்பது. இது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்ட செய்தி. 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளைச் சேர்த்து வாரந்தோறும் வகுப்பு நடத்தினார். ஓய்வு, தூய காற்று, உணவு பற்றிக் கற்பிப்பதுதான் அவர் நோக்கம். ஆனால் வெவ்வேறு பின்னணியைச் சேர்ந்தவர்களை ஒரே நோய் பிணைத்து, ஒருவருக்கொருவர் ஊக்கம் தர வைத்ததை அவர் கண்டார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவர், தான் மீண்டும் குடித்துவிடாமல் இருக்க இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனார். உதவி கேட்டுப் போனவரே உதவி செய்பவராகவும் ஆனார்; குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. சமூகப் பணித் துறையில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் 1961இல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். குழு என்பது பரஸ்பர உதவிக்கான அமைப்பு. அதில் உதவும் உறவு ஒன்றல்ல, பல என்பது அவர் பார்வை.

அப்படியானால் நம் வேலை என்ன? அந்தக் கோடுகளைத் திருப்பிவிடுவது. ஒருவர் உங்களைப் பார்த்துப் பேசும்போது நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்காமல், மெல்ல மற்றவர்கள் முகங்களின் மீது பார்வையை ஓட விடுங்கள். பேசுபவரின் கண்களும் பின்தொடரும். ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று உங்களிடம் கேட்டால், விடை தெரிந்திருந்தாலும் பொறுங்கள். ‘இதே இடத்தில் நின்றவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா?’ என்று வட்டத்திடம் கேளுங்கள். உங்கள் நல்ல அறிவுரையைவிட, எதிரே இருப்பவரின் ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது’ என்ற ஒரு வாக்கியம் ஆழமாக இறங்கும்.

மௌனத்துக்கு அஞ்சுவதும் இதன் கிளைதான். யாரோ கனமான ஒன்றைச் சொல்லிவிட்டார், அறை அடங்கிவிட்டது. சில விநாடிகள்கூடத் தாங்காமல் நாம் பேசத் தொடங்குகிறோம். அந்த மௌனத்தில் ஒருவர் தன் வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கோபத்தாலோ பயத்தாலோ விளையும் மௌனமும் உண்டு. அதை நீள விடக் கூடாது. எது எதுவென்று முகங்களைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

குழு கூடும் முன்பே செய்யப்படும் தவறு ஒன்று உண்டு: முன்சந்திப்பு இல்லாமல் ஆள் சேர்ப்பது. பேச்சு வழிக் குழுவுக்கு ஏழெட்டுப் பேர் பொருத்தம். ஐந்துக்குக் குறைந்தால் உரையாடல் வறண்டுவிடும், பத்தைத் தாண்டினால் சிலர் வாய் திறக்காமலே வீடு திரும்புவார்கள். ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, குழு எதற்காக, அங்கே என்ன நடக்கும், அவருக்கு என்ன பயம் என்று பேச வேண்டும். போதையிலோ கடும் மனக்குழப்பத்திலோ இருப்பவருக்கு முதலில் தனிக் கவனிப்பே தேவை. வயதான பெற்றோரை இழந்தவர்கள் நடுவே குழந்தையை இழந்த ஒரே ஒருவரை உட்கார வைப்பது, துயரக் குழு என்ற ஒரே பெயரை நம்பிச் செய்யும் கொடுமை. அவருக்கு அங்கே துணை இல்லை. தன் துயரம் யாரோடும் சேராதது என்ற எண்ணமே உறுதிப்படும்.

‘இங்கே பேசுவது வெளியே போகவே போகாது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் சார்பில் மட்டுமே நீங்கள் வாக்குத் தர முடியும். அதற்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்று தெரிந்தால் நீங்கள் சும்மா இருக்க முடியாது. அதை முதல் நாளே சொல்லுங்கள். உறுப்பினர்களுக்கு எளிய விதி போதும்: தன் கதையை யாரிடமும் சொல்லலாம், பிறர் கதையைச் சொல்லக் கூடாது. இதில் நாமே சறுக்கும் இடம் பதிவேடு. ஒருவரின் கோப்பில் இன்னொருவரின் பெயரை எழுதிவிடுவோம். அந்தக் கோப்பை யார் யாரோ படிப்பார்கள்.

பிறகு, பூசல். உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் குழு வளர்ச்சியை நிலைகளாகப் பிரித்தபோது, குழு ஒன்றுகூடும் நிலைக்கு அடுத்ததாக மோதலை வைத்தார். மூன்றாம் நான்காம் அமர்வில் ஒருவர் உங்களைப் பார்த்து, ‘நீங்கள் குடித்ததே இல்லை, உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பார். படிப்பையும் அனுபவத்தையும் எடுத்துச் சொல்லத் தோன்றும். வேண்டாம். ‘நான் குடித்தவன் அல்ல. எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற உங்கள் கவலை நியாயமானது. வேறு யாருக்கும் இந்தக் கவலை இருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். தாக்குதலாக வந்தது பேச்சாக மாறும்.

இப்படித் தற்காத்துக்கொள்வதற்கு நேர்மாறான தவறு, வேகம் காட்டி வாயைத் திறக்க வைப்பது. லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் 18 குழுக்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், அத்துமீறி நெருக்கிய, ஆளுமை வீச்சு மிகுந்த தலைவர்களிடம்தான் பங்கேற்றவர்களுக்கு அதிகப் பாதிப்பு நேர்ந்தது தெரியவந்தது. அழ வைப்பது திறமையாகாது. பேசாமல் இருக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

சமூகப் பணியாளருக்கே உரிய இன்னொரு கடமையையும் மறக்கிறோம். இரண்டு அமர்வுக்கு வராத ஒருவரை ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று குறித்துவிடுகிறோம். அவர் கையில் பயணச் செலவுக்குப் பணம் இருந்ததா, குழந்தையை யாரிடம் விட்டு வருவார், வேலையிடத்தில் அனுமதி கிடைத்ததா? வட்டத்துக்கு வெளியே உள்ள இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு, குடும்பத்துடனும் சேவைகளுடனும் இணைப்பது நம் தொழிலின் பாதி.

முடிவையும் அலட்சியமாக நடத்தக் கூடாது. கதவருகே போன பிறகுதான் சிலர் மிக முக்கியமானதைச் சொல்வார்கள். இடையிலுள்ள அமர்வுகளில் என்றால், ‘அடுத்த முறை இதிலிருந்தே தொடங்கலாமா?’ என்று கேட்கலாம். உயிராபத்து பற்றிய பேச்சாக இருந்தால் அப்போதே உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசி அமர்வில் அடுத்த முறை என்பது கிடையாது. எனவே நான்கு அமர்வுகளுக்கு முன்பே முடிவுத் தேதியை நினைவூட்டுங்கள். கடைசிக்கு முந்தைய அமர்வில், இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா என்று வட்டத்திடம் கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருங்கள்.