கர்லூ வந்துவிட்டது, சரி, குஞ்சு எங்கே? மேட்டுநில விவசாயிகளோடு வேலை செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் குளிர் குறையத் தொடங்கியதும், கடற்கரைச் சேற்றிலும் தாழ்வான ஈரநிலங்களிலும் இரை தேடிக்கொண்டிருந்த பறவைகள் சில மலைப்பக்கம் கிளம்பும். அலகு அரிவாள்போல் கீழே வளைந்த கர்லூ, கொண்டை வைத்த ஆள்காட்டி, உள்ளான், செங்கால் உள்ளான் எல்லாம் அதில் உண்டு. வட இங்கிலாந்தின் பென்னைன் மலைகள், வேல்ஸ், ஸ்காட்லாந்து என ஆடு மேயும் மேட்டுநிலங்களில் இவை தரையிலேயே முட்டையிடுகின்றன. காப்பகம் என்று ஒதுக்கிய இடம் கொஞ்சம்தான். பெரும்பாலான கூடுகள் யாரோ ஒருவருடைய பண்ணையில் இருக்கும். அதனால் பறவையைக் காக்க நினைப்பவர் தட்ட வேண்டிய முதல் கதவு விவசாயியுடையது.

அந்தக் கதவைத் தவறான நாளில் தட்டியது என் முதல் சறுக்கல். ஏப்ரல் நடுவில் போனேன். பறவைக்காரர்களுக்கு அது உற்சாகமான மாதம். மலைப் பண்ணைகளில் ஆடுகள் குட்டி ஈனும் மாதமும் அதுதான். விவசாயி கக்கத்தில் ஈரம் காயாத ஒரு குட்டியோடு வெளியே வந்தார். தொப்புள்கொடிக்குத் தடவிய அயோடின் விரல்களில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. தூங்கி எத்தனை நாளோ! நான் வரைபடத்தை விரித்து அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் குட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டே, “மேல் வயலில் முந்தாநாள் ஒரு ஜோடி இறங்கிச்சு” என்றார். என் வரைபடத்தில் அந்த வயலே இல்லை.

அப்புறம்தான் புரிந்தது. போக வேண்டியது பனிக்காலத்தில், வேலை குறைந்த ஒரு பிற்பகலில். எந்த வயலுக்கு என்ன பெயர், எங்கே தண்ணீர் நிற்கும், போன வருஷம் பறவை எங்கே கத்தியது என்று கேட்டுக்கொண்டு வந்தால் போதும். ஆலோசனை சொல்ல இன்னொரு நாள் இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, பறவை கண்ணில் படுவதை வைத்துக் கணக்குப் போடுவது. “எங்க நிலத்தில் கர்லூ எப்பவும் இருக்கே” என்று விவசாயி சொன்னால் அது பொய்யில்லை. கர்லூவுக்கு ஆயுள் அதிகம். 30 வயதைத் தாண்டிய பறவைகள் கால்வளையப் பதிவுகளில் இருக்கின்றன. ஒரு முறை கூடு வைத்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வரும் பழக்கமும் உண்டு. ஆகவே பத்து வருஷமாக ஒரு குஞ்சுகூடப் பறக்காத வயலிலும் வசந்தம் வந்தால் அதே ஜோடி கத்திக்கொண்டு வட்டமிடும். பார்க்கிறவருக்குக் குறையே தெரியாது. கிழப் பறவைகள் ஒவ்வொன்றாகப் போகும்போதுதான் தெரியும்.

எண்ணிக்கை சரியாமல் இருக்க, ஒரு ஜோடி இரண்டு வருஷத்துக்கு ஒரு குஞ்சையாவது பறக்கும் அளவுக்கு வளர்த்தாக வேண்டும். நான்கு முட்டையிடும் பறவைக்கு இது பெரிய காரியமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பல இடங்களில் அதுகூட நடப்பதில்லை. உலகில் கூடு வைக்கும் கர்லூக்களில் கால்வாசி வரை பிரிட்டனில்தான் என்கிறார்கள். 1990-களின் நடுவிலிருந்து பார்த்தால் அதில் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. 2015-இல், உடனடி அக்கறை வேண்டிய பறவைகளுக்கான அந்நாட்டின் சிவப்புப் பட்டியலிலும் சேர்த்தார்கள். இந்தப் புள்ளிவிவரத்தை விவசாயி முன்னால் ஒப்பிப்பதைவிட, “கடைசியாகக் குஞ்சை எப்போ பார்த்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம் வரும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது தேதி. கர்லூ ஏப்ரல் கடைசியில் முட்டையிட்டால் அடைகாக்க நான்கு வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஐந்து வாரம். ஜூலைத் தொடக்கம் வரை அது தரையில்தான் நடமாடும். முதல் கூடு பறிபோய் மறுபடி முட்டையிட்டால் இன்னும் தள்ளிப்போகும். இதற்கிடையில்தான் சைலேஜுக்கு, அதாவது புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனத்துக்கு, புல் வெட்டும் நேரமும் வருகிறது. ஆள்காட்டி இன்னும் முந்தி, மார்ச் கடைசியிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். புல்வெளியைச் சமன்படுத்த உருளை ஓட்டும் பருவம் அது.

அதற்காக, “ஜூலை 15 வரை எந்த வயலிலும் எந்திரம் இறங்கக் கூடாது” என்று சொல்வது பேதைமை. முற்றிய புல்லில் சத்து குறையும். குளிர்காலத்தில் தீவனத்தை விலைக்கு வாங்கப் போவது அவர்தான். பறவை இருக்கும் ஒரு வயலை மட்டும் தள்ளிப்போடக் கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். மற்ற இடங்களில் கூட்டைக் கண்டுபிடித்து, டிராக்டர் போகும் திசையில் கூட்டுக்கு இருபுறமும் சில மீட்டர் தள்ளி ஒவ்வொரு குச்சி நடலாம். கூட்டை ஒட்டி நட்டுவிடாதீர்கள். குச்சிக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பைக் காகம் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

குஞ்சு பொரித்த பிறகு குச்சியால் பயனில்லை. சின்னக் குஞ்சு ஆபத்து வந்தால் ஓடாது, அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். நரியிடம் சில நேரம் பலிக்கும் தந்திரம். வெட்டும் எந்திரத்திடம் பலிக்காது. வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டினால் குஞ்சுகள் நடுவில் சிக்கிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மெதுவாக வெட்டி, ஓரத்தில் ஒரு பட்டை புல்லை விட்டுவைத்தால் அவை தப்ப வழி கிடைக்கும்.

ஆட்டை முழுக்க விலக்கச் சொல்வதும் அடிக்கடி நடக்கும் பிழை. கூட்டுக் காலத்தில் மந்தையைக் குறைப்பது சரி, மிதிபடும் கூடுகள் குறையும். வருஷம் முழுக்க மேய்ச்சலே இல்லையென்றால் புல்லும் கோரையும் இடுப்பளவு மண்டிவிடும். ஆள்காட்டிக்குக் குட்டைப் புல்லும் திறந்த பார்வையும் வேண்டும். அது அந்த வயலைத் திரும்பிப் பார்க்காது. கர்லூவுக்குக் குட்டையும் நெட்டையும் கலந்திருக்க வேண்டும். உள்ளானுக்கோ அலகு இறங்கும் அளவு ஈரமான மண். கூட்டுக் காலம் முடிந்தபின் கோரையை வெட்டி, மாடுகளை விட்டு மேயவைத்தால்தான் இந்தக் கலவை நிலைக்கும். பறவைகள் அங்கே இருப்பதே விவசாயம் நடப்பதால்தான் என்பதை நம் ஆட்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஆழம் வேண்டாம். குளம்போல் செங்குத்தாக வெட்டிய பள்ளம் வாத்துக்கு ஆகும், குஞ்சுக்கு ஆகாது. தட்டுப்போலச் சரிந்து, ஜூன் வரை ஓரத்தில் சேறு காயாமல் இருந்தால் போதும்.

மரம் நடுவதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். மரம் நல்லதுதான். ஆனால் கர்லூ கூடு வைக்கும் திறந்த புல்வெளியின் மூலையில் நட்ட சிறு தோப்பு காகத்துக்கு உட்கார இடமாகவும் நரிக்கு ஒளிய மறைவாகவும் மாறும். பறவைகளும் மர வரிசையை விட்டு ஒதுங்கியே கூடு வைக்கும். நடும் முன் ஒரு வசந்தம் அந்த நிலத்தில் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நரியையும் காகத்தையும் பற்றிப் பேசாமல் நழுவுவது இன்னொரு தவறு. விவசாயி முதலில் கேட்பதே அதைத்தான். வட இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்னில் 2000 முதல் 2008 வரை நடந்த ஆய்வில், கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்தியபோது கர்லூ, ஆள்காட்டி, பொன்னிற உப்புக்கொத்தி ஆகியவற்றின் இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழ மூன்று மடங்கானது. கசப்பான முடிவு, ஆனால் மறைக்க வேண்டியதில்லை. எது சட்டப்படி முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கும் முட்டை தின்னும். அதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. கொல்ல விருப்பமில்லாதவருக்குக் கூட்டைச் சுற்றி மின்வேலி ஒரு வழி. ஆனால் அது முட்டையைத்தான் காக்கும். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் வேலிக்கு வெளியே நடந்துவிடும், சில நேரம் பக்கத்துப் பண்ணைக்கே. அதனால் ஒரு பண்ணையோடு நிற்காமல் அக்கம்பக்கத்தவரையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

பணப் பேச்சில் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் 2021 முதல் நிலப்பரப்பைப் பொறுத்துக் கொடுத்துவந்த பழைய நேரடி மானியத்தைப் படிப்படியாகக் குறைத்துவந்ததில் மலைப் பண்ணைகள் ஏற்கெனவே ஆடிப்போயிருக்கின்றன. நிலம் குத்தகையா, பொது மேய்ச்சலா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஒருவராக இருக்கலாம்.

கடைசியாக, முடிவைச் சொல்லாமல் விடுவது. ஜூன் கடைசியில் வயல் ஓரத்தில் நில்லுங்கள். கர்லூ ஜோடி தலைக்கு மேல் வந்து நாய் குரைப்பதுபோல் விடாமல் கத்தினால், புல்லுக்குள் குஞ்சு உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அன்றைக்கே விவசாயிக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் அதை அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்வார். வயல் அமைதியாக இருந்தாலும் அனுப்புங்கள்.