பி.எஸ்.ஏ. ஏறவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

புராஸ்டேட் புற்றுநோய் என்றாலே எல்லோர் கண்ணும் பி.எஸ்.ஏ. எண்ணின் மேல்தான் இருக்கும். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் எண் அது. வழக்கமான வகையில் அந்த எண் நல்ல வழிகாட்டி. ஆனால் நூற்றில் ஒன்று என்ற அளவில் வரும் ஸ்மால் செல் கார்சினோமா என்ற புராஸ்டேட் புற்றுநோய் வகையில் அதை நம்பினால் ஏமாந்துபோவோம். இந்தச் செல்கள் பி.எஸ்.ஏ.வை அநேகமாகச் சுரப்பதே இல்லை. கல்லீரல்வரை நோய் பரவிய பிறகும் ரிப்போர்ட்டில் அந்த எண், வழக்கமாக நார்மல் எல்லையாகக் கருதப்படும் 4-க்குக் கீழேயே இருக்கலாம்.

இதில் அதிகம் கோட்டை விடுவது, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் விஷயத்தில்தான். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் ஊசியும் அபிராட்டெரோன், என்சலூட்டமைடு போன்ற மாத்திரைகளும் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சிலருக்குப் பழைய புற்றுநோய் இந்த வகையாக மாறிவிடுகிறது. ஆள் இளைக்கிறார், வலி கூடுகிறது, ஸ்கேனில் கல்லீரலில் புதுக் கட்டி தெரிகிறது, பி.எஸ்.ஏ. மட்டும் அசையவில்லை. அப்போது பழைய பயாப்சி ரிப்போர்ட்டை வைத்தே முடிவெடுக்கக் கூடாது. புதிதாக வளரும் இடத்திலிருந்து மறுபடி பயாப்சி எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றும் நிம்மதி அடைய வேண்டாம். இந்தக் கட்டி பல நேரம் அதில் ஒளிராது. குளுக்கோஸை வைத்து எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம்.

பயாப்சியிலும் ஒரு குழி இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி தென்படும் ஒரு புரதத்தைக் காட்டும் டி.டி.எஃப்-1 சாயம் பாசிட்டிவ் என்றதும் நுரையீரலிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். புராஸ்டேட்டில் தோன்றும் ஸ்மால் செல் கட்டியிலும் அது பாசிட்டிவாக வரலாம். எங்கிருந்து தொடங்கியது என்பதை ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்கள் நோயின் வகையை உறுதிசெய்ய உதவும். வழக்கமான வகையின் தீவிரத்தைச் சொல்லும் கிளீசன் ஸ்கோர் இதற்குப் போடுவதில்லை. ரிப்போர்ட்டில் அது இல்லையே என்று பதற வேண்டாம்.

சரி, சிகிச்சை? ஹார்மோன் சிகிச்சையை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. இந்தச் செல்களில் பெரும்பாலும் ஆண் ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பி இருக்காது, அதனால் அந்த மருந்து பிடிக்காது. வழக்கமான வகையும் கலந்திருந்தால் அதற்காக ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்வார்கள், அது வேறு. முக்கிய மருந்து, நுரையீரல் ஸ்மால் செல் புற்றுநோய்க்குக் கொடுப்பதைப் போன்ற கீமோதான்: சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபோசைடு. ஆரம்பத்தில் கட்டி நன்றாகவே சுருங்கும். ஆனால் பெரும்பாலும் சில மாதங்களிலேயே திரும்பி வரும். எனவே ‘நல்லா குறைஞ்சிடுச்சு’ என்று அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது கருத்து கேட்பதாக இருந்தாலும் அந்த வாரமே கேட்டுவிடுங்கள். இது வேகமாக வளரும் நோய்.