வளைந்த ஹேண்டில்பாருக்குப் பதில் நேர் பார்: முதலில் லீவரைப் பாருங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஜங்ஷன் போய் வர என் பழைய ரோடு பைக் (தார்ச்சாலைக்கான சைக்கிள்) போதும். ஆனால் ஐந்து ரோடு நெரிசலில், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரில் குனிந்தபடி அடிக்கடி பிரேக் பிடிப்பது கழுத்துக்கு ஆகவில்லை. நேர் பார் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எனக்கு இரண்டு ஆனது, பிரேக் லீவரால்.

வாங்கும் முன்

ஸ்டெம் (பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) கவ்வும் இடத்தில் பழைய பாரின் விட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 31.8, 26, 25.4 மி.மீ. என மூன்று அளவு புழக்கத்தில் உண்டு. 26-க்கும் 25.4-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 26 ஸ்டெம்மில் 25.4 பாரைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பார் சுழலும்.

பழைய லீவரையே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கைபிடிக்கும் பகுதி வளைந்த பாரில் 23.8 மி.மீ., நேர் பாரில் 22.2. லீவர் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதில் இரண்டு ரகம்: கேலிப்பர் பிரேக்குக்கு (சக்கரத்துக்கு மேலிருந்து இடுக்கி மாதிரி பிடிப்பது) ஒயரைக் கொஞ்சமாக இழுப்பது, வி-பிரேக்குக்கு (சக்கரத்தின் இரு பக்கமும் நீண்ட கைகளோடு நிற்பது) நிறைய இழுப்பது. எனக்குக் கிடைத்தது இரண்டாவது. என் வண்டியில் இருப்பதோ கேலிப்பர்.

தெரியாமல் கோரிமேடு தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் ஏறிவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவில் இரண்டோடு திரும்பியது என் நல்ல நேரம். இறக்கத்தில் லீவர் கல் மாதிரி இருந்தது, வண்டி நிற்கவில்லை. ஒயரை அதிகம் இழுக்கும் லீவரில் விசை குறையும், நெம்புகோல் கணக்குதான். மீதி தூரம் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

ஷிமானோ கம்பெனி கியரில் பின்பக்கம் 7, 8, 9 என்றால் மலை பைக் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) பெரும்பாலும் ஒத்துப்போகும். 10 வந்தால் நேர் பாருக்கான ரோடு ஷிஃப்டரே கேளுங்கள். முன்பக்கம் இரண்டு பல்சக்கரம் இருந்தாலும் அப்படியே. ஹைட்ராலிக் டிஸ்க் (ஒயர் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்) வண்டிக்கு இந்த முறை பொருந்தாது.

கழற்றுவது, மாட்டுவது

எந்தக் கை எந்த பிரேக் என்பது தெரிய முதலில் ஒரு போட்டோ எடுங்கள். பாரில் சுற்றிய டேப்பை உரித்து, ஒயர்களை அவிழ்த்து, ஆலன் கீயால் ஸ்டெம் போல்ட்டுகளைக் கழற்றினால் பார் வந்துவிடும்.

புது பாரை நடுவில் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கலாம் என்பது பல ஸ்டெம்களில் அச்சிட்டே இருக்கும். பிறகு ஷிஃப்டர், லீவர், கடைசியில் கிரிப். கிரிப் ஏறாவிட்டால் உள்ளே கொஞ்சம் சானிடைசர் ஊற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போய், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கொரோனா கால பாட்டிலுக்கு ஒரு வேலை.

ஒயர்

ரோடு லீவரின் பிரேக் ஒயர் நுனி பேரிக்காய் வடிவம், நேர் பார் லீவருக்கு உருளை. அதனால் இன்னர் (உள்ளே ஓடும் ஒயர்) புதிது. பழைய அவுட்டரும் (ஒயரின் மேல் உறை) நீளம் போதாது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இழுக்காத நீளத்துக்கு வெட்டுங்கள். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடவே கூடாது. அழுத்திப் பிடிக்கும்போது வெடித்துப் பிளக்கும்.

முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, பாரை முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் போல்ட்டைச் சரிபாருங்கள். முதல் ஓட்டம் உங்கள் தெருவுக்குள் இருக்கட்டும். ஒரு வாரத்தில் ஒயர் கொஞ்சம் தளரும். லீவர் ஓரத்துத் திருகைச் சிறிது வெளியே திருப்பினால் போதும்.