சூடேற்றிய கீமோ பற்றி மருத்துவரிடம் பேசப் போகும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்திலோ மெரிபேங்கிலோ நம்மவர் வீட்டில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே, "சூடு கொடுத்தால் கட்டி கரையுமாம்" என்ற செய்தி கைப்பேசியில் வந்துவிடுகிறது. வயிற்றின் மேல் வைக்கும் வெந்நீர்ப் பையின் சூடு கட்டியை எட்டாது. நாள்தோறும் வைத்தால் தோல்தான் கருத்துப்போகும்.

மருத்துவமனையில் செய்வது வேறு. நோய் வயிற்றறையின் உட்சவ்வில் பரவியிருந்தால், கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எல்லாம் அகற்றிய பின்னர், சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின் போன்ற மருந்து கலந்த திரவத்தை 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பம்ப் மூலம் அறைக்குள் 60 முதல் 90 நிமிடம் வரை சுற்றவிடுவார்கள். இதன் பெயர் ஹைப்பெக். சூடு மருந்தின் வீரியத்தைக் கூட்டுகிறது. ஆனாலும் மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கும் என்பதால், கத்தி விட்டுவைத்த பெரிய கட்டியை அது ஒன்றும் செய்யாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது சூட்டைப் பற்றியன்று, பரவலின் அளவைப் பற்றி. வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, மொத்தம் 39க்குக் கணக்கிடும் பி.சி.ஐ. என்ற எண் உண்டு. இரைப்பைப் புற்றுநோயில் அது 6 அல்லது 7ஐத் தாண்டினால் பல மையங்கள் தயங்கும். சி.டி. ஸ்கேனுக்குச் சிறு முடிச்சுகள் தப்பிவிடும். சிறு துளை வழியே கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பயனையும் கூட்டிச் சொல்லக் கூடாது. ஜெர்மனியில் 105 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஹைப்பெக் பெற்றவரும் பெறாதவரும் வாழ்ந்த காலத்தின் இடைநிலை ஏறக்குறைய 15 மாதமாகவே இருந்தது. நோய் மீண்டும் முற்றும்வரை கிடைத்த இடைவெளி மட்டும் நீண்டது.

பயாப்சி அறிக்கை, ஸ்கேன் படங்கள், சிறுநீரகப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் முன்அனுமதியை எழுத்தில் பெறுவது நல்லது. அரசு மருத்துவமனைக்குச் செல்வோர் பரிந்துரைக் கடிதத்தை முன்னதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நோயாளி ஆயாவாக இருந்தால், பேரப்பிள்ளைகள் மருத்துவரோடு ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு அவருக்குப் பாதியை மட்டும் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அதைத் தவிருங்கள். வயிற்றைத் திறந்த பின் கட்டிகளை முழுமையாக எடுக்க முடியாது என்று தெரிந்தால் அப்படியே மூடிவிடலாமா என்ற கேள்விக்கு, கையொப்பமிடும் முன்னரே அவர் வாயால் பதில் வர வேண்டும்.