கடற்படைக்கு முன்மாதிரிக் கருவி: சின்னப் பட்டறை விண்ணப்பம் போடுவது எப்படி?

எங்கள் பட்டறை கோவையில். போர்வெல் மோட்டாருக்கு உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். கப்பலின் அடிப்பகுதியைச் சுற்றிப் பார்த்துவர ஒரு சின்ன ரோபோ கடற்படைக்குத் தேவை என்று கேள்விப்பட்டதும், “தண்ணிக்குள்ள மோட்டார் ஓட்டுறது நமக்கென்ன புதுசா?” என்று இறங்கிவிட்டோம். முதல் விண்ணப்பம் தேறவில்லை, இரண்டாவது தேறியது. கருவியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எங்கே சறுக்கினோம் என்பதைச் சொல்லத் தடையில்லை.

1. எந்தக் கதவைத் தட்டுவது

ஐடெக்ஸ் (iDEX). புதுக் கருவி செய்ய மானியம் தரும் பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டம், 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் தொடங்கிவைத்தார்கள். முப்படைகளும் தங்களுக்குத் தேவையானதை ‘சவால்’களாக வெளியிடும், நாம் தீர்வோடு போக வேண்டும். கடற்படைக்கென்று தனியாக ‘ஸ்பிரிண்ட்’ என்ற பெயரில் 75 சவால்கள் 2022 ஜூலையில் வந்தன. சாதாரணச் சவாலுக்கு மானிய உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். பெரிய திட்டங்களுக்கான ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி, 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை போகும். முதல் முறை போடுகிறவர்கள் 1.5 கோடிப் பக்கமே நிற்பது நல்லது. ஏன் என்பது 5ஆம் படியில் புரியும்.

2. காகிதங்கள்

உத்யம் (சிறு, குறு, நடுத்தரத் தொழில்) பதிவு அல்லது ஸ்டார்ட்அப் அங்கீகாரம், ஜிஎஸ்டி, கணக்குகள். உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும், விடுங்கள்.

3. சவாலைப் படிப்பது

ஒரு பக்கம்தான் இருக்கும். அச்செடுத்து, பேனாவால் எண்களை மட்டும் வட்டமிடுங்கள்: ஆழம், வேகம், எடை, எத்தனை மணி நேரம். எண் இல்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். சவால் பற்றிய விளக்கக் கூட்டங்களில் அந்தக் கேள்விக்குறிகளைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் முதல் முறை அங்கே உட்கார்ந்து எங்கள் மோட்டாரின் பெருமையைப் பேசிவிட்டு வந்தோம்.

4. விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு டிரம்

இந்தப் படியை யாரும் சொல்ல மாட்டார்கள். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, 7 கிலோ கல்லுப்பு. லிட்டருக்கு 35 கிராம் என்பது ஏறக்குறைய கடல்நீரின் உப்பு. நல்ல தண்ணீரில் பத்து வருஷம் ஓடிய பொருள் இதில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

எங்களுடையது அலுமினியக் கூடு, அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றியும் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் பொடி. ஆலன் கீ போட்டால் போல்ட் அசையவில்லை, அலுமினிய மரை தின்னப்பட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. உப்புநீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கூட்டுக்கு ஹார்டு அனோடைசிங் (கெட்டியான ஆக்சைடு படலம்), போல்ட்டுக்கு நைலான் வாஷரும் புஷ்ஷும், அலுமினியத்துக்குப் பதிலாகக் கரைந்து பலியாக ஒரு துத்தநாகக் கட்டி என்று மாற்றினோம். 304 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கடலுக்கு ஆகாது, புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் கேளுங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார். ஒன்றல்ல.

அடுத்தது கசிவு. 50 மீட்டர் ஆழத்தில் வெளியிலிருந்து சுமார் 5 பார் அழுத்தம். 10 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் அது கிட்டத்தட்ட 400 கிலோ. எங்கள் மூடி ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் 20 மீட்டர் அழுத்தத்திலேயே தண்ணீர் குடித்தது. மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினோம், அது உட்காரும் குரூவை மறுபடி கடைந்தோம், தீரவில்லை. கடைசியில் எங்கள் டர்னர் லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்: ஓ-ரிங் மேல் ஒரே ஒரு நூலிழை. துடைக்க நாங்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது திருப்பூர் பனியன் வேஸ்ட், அதாவது கழிவுத் துணி. அந்த நூல்தான்.

அன்றிலிருந்து ஓ-ரிங் பக்கம் பனியன் வேஸ்ட் வரக் கூடாது, நூல் விடாத டிஷ்யூ மட்டும். சிலிகான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவு போதும், அப்பாதீர்கள். மூடியதும் தண்ணீரில் போடாமல், கார் மெக்கானிக்குகள் பிரேக் ப்ளீட் செய்ய வைத்திருக்கும் கைப்பம்பால், அதிலுள்ள வெற்றிட அளவியின் முள் 10 அங்குலப் பாதரசம் காட்டும்வரை உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுங்கள். 15 நிமிடம் பொறுங்கள். முள் 1 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் எங்கோ ஓட்டை. என் வாழ்நாளில் வாங்கியதிலேயே உருப்படியான கருவி இந்தப் பம்புதான்.

5. மைல்கற்களும் பணமும்

முதலில் பணம். 1.5 கோடி ‘வரை’ மானியம் என்று படித்துவிட்டு, 1.5 கோடிக்குத் திட்டம் போட்டேன். தப்பு. மானியம் தயாரிப்புச் செலவில் பாதிக்கு மேல் வராது. மீதிப் பாதி நம்முடையது. 1.5 கோடி முழுதாக வேண்டுமென்றால் 3 கோடித் திட்டமும் கையில் 1.5 கோடியும் வேண்டும். எங்களால் முடியாது என்று தெரிந்ததும், இரண்டாவது முறை திட்டத்தையே சுருக்கினோம்.

அந்தப் பணமும் மொத்தமாக வராது, மைல்கல் மைல்கல்லாக, அதாவது ஒத்துக்கொண்ட ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு வரும். வேலையை முடிக்கும் நாளும் பணம் கணக்கில் ஏறும் நாளும் ஒன்றல்ல. இடைப்பட்ட மாதங்களுக்குச் சம்பளமும் சோதனைக் கட்டணமும் யார் தருவது என்று ஒரு விரிதாளில் மாதவாரியாக எழுதுங்கள். இதற்கென்று விலையுயர்ந்த திட்டமிடல் மென்பொருள் எதுவும் வேண்டாம், நான்கு நெடுவரிசை போதும்.

மைல்கல்லின் வாசகம்தான் எங்களைப் படுத்தியது. நாங்கள் எழுதியது:

“மைல்கல் 2: முன்மாதிரி வெற்றிகரமாகச் செயல்படும்.”

வெற்றி என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. திருத்தி எழுதியது இப்படி:

“மைல்கல் 2: கூடு 5 பார் வெளியழுத்தத்தில் 2 மணி நேரம் வைக்கப்படும், உள்ளே வைத்த ஈரம் உணரும் தாள் நிறம் மாறாது.”

யார் பார்த்தாலும் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த வாசகம் டிரம்மிலும் பம்பிலும் பட்ட பாட்டிலிருந்து வந்தது, அதனால்தான் 4ஆம் படியை விண்ணப்பத்துக்கு முன்னால் வைத்தேன். ஏற்கெனவே பாதி சோதித்துப் பார்த்ததை மட்டும் வாக்குக் கொடுங்கள்.

ராணுவ மின்னணுச் சாதனங்களுக்கான ஜேஎஸ்எஸ் 55555 சோதனைகளையும், மின்காந்தக் குறுக்கீட்டுக்கான மில்-ஸ்டாண்டர்ட் 461ஐயும் கடைசி மைல்கல்லில் தள்ளிவைக்காதீர்கள். கடைசியில் தோற்றால் கூட்டையே மாற்ற வேண்டிவரும். அழுத்த அறைக்குச் சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், மின்காந்தச் சோதனைக்குத் தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆய்வகம் என்று இரண்டு இடம் நம் மாநிலத்திலேயே உண்டு. விண்ணப்பம் எழுதும்போதே கொட்டேஷன் வாங்கிவிடுங்கள்.

6. தேர்வுக் குழு முன்னால்

ஸ்லைடு குறைவாக வையுங்கள். வெள்ளை பூத்த அந்தப் பழைய மூடியைக் கையோடு எடுத்துப் போனேன். மேசையில் வைத்ததும் கேள்விகளெல்லாம் அதைச் சுற்றியே வந்தன. எனக்கு நன்றாகப் பதில் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான்.

சின்ன நிறுவனங்களுக்கு இதெல்லாம் நடக்குமா என்பவர்களுக்கு: சாகர் டிஃபென்ஸ் என்ற ஸ்டார்ட்அப்பின் ஆளில்லாப் படகு ‘மாதங்கி’ 2024 அக்டோபரில் மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பியது. தேடிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: தனி ஆளாக (புரொப்ரைட்டராக) தொழில் நடத்தும் இருவர், தாங்களும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்குக் கம்பெனியோ கூட்டு நிறுவனமோ வேண்டும், ஆனால் உத்யம் பதிவு உங்களுக்கும் கிடைக்கும். தனி ஆள் கண்டுபிடிப்பாளராகவும் விண்ணப்பிக்கலாம். மானியத் தொகையில் சதவீதம் கேட்கும் ‘ஆலோசகர்’ யாரும் தேவையில்லை. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் துறை அடைகாப்பு மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: கைப்பம்புச் சோதனையில் தேறிய கூடு 30 மீட்டரில் கசிந்தது என்று ஒருவர் எழுதினார். பம்பால் 1 பார் வித்தியாசத்தைக்கூடக் காட்ட முடியாது; மூடியது சரியா என்று மட்டும்தான் அது சொல்லும். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், மூடி 3 மி.மீ. அக்ரிலிக். அழுத்தத்தில் நடுவில் குழிந்து ஓரம் தூக்கியிருக்கும். கனத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.