விமான டிக்கெட்டில் நேரம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் காலை 9 மணிக்கு ஏறி 10.25க்குச் சென்னையில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், பயணம் ஒன்றரை மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மலேசியாவில் இருக்கும் நமக்கு இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையில் 10.25 என்றால் இங்கே மதியம் 12.55. ஆக, பயணம் 3 மணி 55 நிமிடம். திரும்பும்போது இது தலைகீழாகிவிடும். அங்கே 11.30க்குக் கிளம்பி இங்கே மாலை 5.55க்கு இறங்குவதைப் பார்த்துவிட்டு, 'ஆறரை மணி நேரமா, நடுவில் எங்கேயாவது நிற்குமா?' என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டரையைக் கழியுங்கள், அதே நான்கு மணி நேரம்தான்.

பணத்துக்கே வேட்டு வைப்பது நள்ளிரவு டிக்கெட். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வரும் விமானங்களில் பல நடுராத்திரியை ஒட்டித்தான் கிளம்பும். 15ஆம் தேதி 00.15 என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். பெற்றோருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகள் தேதியை மட்டும் சொல்லாமல், 'வியாழன் ராத்திரி சாப்பிட்டதும் வீட்டை விட்டுக் கிளம்பிடுங்க' என்று சொல்லிவிடுங்கள். அதுதான் அவர்களுக்குப் புரியும், மறக்காது.

தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடிப்பதும் சரிவராது. கோலாலம்பூர் – சென்னை வான்வழித் தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால், டிக்கெட் நேரம் விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று, சில இணையதளங்கள் தூரத்தைக் கடல் மைலில் காட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் பயணத்தில்தான் இந்தக் கணக்கு ரொம்பவே ஏமாற்றும். தூரம் ஏறக்குறைய 325 கிலோமீட்டர், டிக்கெட்டில் ஒரு மணி நேரம். ஆனால் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏ இருப்பது செபாங்கில், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். நகரத்தின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். எந்த முனையம் என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சுபாங்கில் இருக்கும் இன்னொரு விமான நிலையத்திலிருந்தும் பினாங்குக்கு விமானம் உண்டு. டிக்கெட் அங்கிருந்து என்றால் செபாங் போய் எந்தப் பயனும் இல்லை.

அப்புறம், பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் இறங்கியதும் பயணம் முடிந்துவிடாது. போக வேண்டிய வீடு பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ இருந்தால் பாலத்தைக் கடந்து மறுபடி பெருநிலத்துக்கு வர வேண்டும். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பட்டர்வொர்த் போகிறவர்களுக்கு நான் இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலைத்தான் சொல்வேன். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், ஆனால் கேஎல் சென்ட்ரலில் ஏறினால் நேரே பட்டர்வொர்த்தில் இறங்கிவிடலாம். தீபாவளிச் சமயம் என்றால் அந்த டிக்கெட்டையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள்.