ஈ.சி.ஆரில் மூன்று நாள்: கார் இல்லாமல், முதல்முறை போகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், வீட்டில் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். வீட்டை விட்டு இறங்கவே ஒன்பதரை ஆகிவிட்டது, போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஐந்து ரதம் இருக்கிற மணலில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. கிடைத்த ஒரு மர நிழலில் அம்மா உட்கார்ந்துகொண்டு, "இந்தக் கல்லைப் பார்க்கவாடா இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்த?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் ஈ.சி.ஆர். என்கிற சென்னை - புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பலமுறை போய் வந்துவிட்டேன். தப்பு ஊரில் இல்லை, நான் போன நேரத்தில்தான் என்பது புரிய கொஞ்ச காலம் ஆனது. இங்கே கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் போய் மறைகிறது. அதனால் காலையில் கடலோரம், பதினொன்றிலிருந்து மூன்றரை வரை ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே, நாலு மணிக்கு மேல் மறுபடி வெளியே. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் போட்டதுதான்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தால் திட்டம் மொத்தமும் போச்சு. கோடையில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் போங்கள், நுங்கும் தர்பூசணியும் வழியெல்லாம் கிடைக்கும். ஆனால் மீன் சாப்பிடவே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் புதுசு, விலையும் ஏறியிருக்கும்.

சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகையும் கூட்டமும் அந்த இரண்டு நாளில் வேறு மாதிரி.

2. பஸ் ஏறுவது

சென்னையில் திருவான்மியூரில் ஏறுவது எனக்கு வசதி. மாமல்லபுரம் வரை மாநகரப் பேருந்தும் உண்டு, புதுச்சேரி போகிற பஸ்களும் உண்டு. இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்: புதுச்சேரி பஸ்கள் பெரும்பாலும் மாமல்லபுரம் ஊருக்குள் போகாது, பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, இல்லையென்றால் ஆட்டோ. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே காசைப் பேசிவிடுங்கள்.

இன்னொன்று, ஈ.சி.ஆர். என்றதும் வழியெல்லாம் கடல் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சவுக்குத் தோப்பும் மதில் சுவரும்தான் அதிகம், கடல் அவ்வப்போது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

3. முதல் நாள்: கோவளம்

ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துக் கோவளத்தில் இறங்குங்கள். கேரளத்துக் கோவளம் இல்லை, கன்னியாகுமரி பக்கத்துக் கோவளமும் இல்லை, இது சென்னைக்காரர்களின் கோவளம். 2021-இல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது, அதனால் உடை மாற்றும் இடம், கழிப்பறை எல்லாம் இருக்கிறது. அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார்கள், முதல் நாளே பலகைமேல் எழுந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன் (நான் அந்தப் பட்டியலில் இல்லை).

கடலில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருடா வருடம் உயிர்கள் போவது இதில்தான். நீச்சல் தெரியாதவர்கள் அலை இல்லாத இடமாகப் பார்த்து இறங்குவார்கள். அதுதான் தவறு. கரையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. ஒருமுறை நான் அங்கே போய் நின்றபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பி, அங்க நிக்காத, அங்கதான் இழுக்கும்" என்றார். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்தப் பட்டையை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தவே தெரியாது என்றால் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

பத்தரைக்கு ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, எதிர்த்திசை பஸ்ஸில் கொஞ்சம் பின்னால் வந்தால் முட்டுக்காடு தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளை இருந்த இடத்தில் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். மத்தியான வெயிலுக்குத் திண்ணையைவிட வேறென்ன வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிள்ளைகள் கூட இருந்தால் அதற்குப் பதிலாக வடநெம்மேலி முதலைப் பண்ணை, அதுவும் மரநிழல்தான். அதற்குத் திங்கள் விடுமுறை. சாயங்காலம் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்து, அறையில் பையைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டில் மீனை அடுக்கிக் காட்டுவார்கள். வஞ்சிரம், சங்கரா, கொடுவா, இறால் எல்லாம் இருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் சரி. எடை போடச் சொல்லி, பொரித்துக் கொடுக்கும் கூலியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே தலையாட்டுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் சாப்பிட்டேன். பில்லைப் பார்த்ததும் உறைப்பெல்லாம் இறங்கிவிட்டது.

4. இரண்டாம் நாள்: மாமல்லபுரத்தில் காலை

ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில் வாசலில் நில்லுங்கள். டிக்கெட் 40 ரூபாய், அதே டிக்கெட்டில் அன்றைக்கே ஐந்து ரதத்தையும் பார்த்துவிடலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது, ஆயிரத்து முந்நூறு வருட உப்புக்காற்று தின்றதில் சிற்பங்களின் முகமெல்லாம் மழுங்கியிருக்கும். சூரியன் மேலே வந்ததும் கடல் பார்த்த பக்கத்துக்குச் சுற்றிப் போங்கள், கல் கொஞ்ச நேரம் தேன் நிறத்தில் இருக்கும்.

அங்கிருந்து நடந்தே அர்ச்சுனன் தபசு. இதற்கு டிக்கெட் கிடையாது. இந்தப் பாறையும் கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயிலில்தான் உருவங்கள் எடுப்பாகத் தெரியும். எல்லாரும் யானையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். மேலே இடப்பக்கம் எலும்பும் தோலுமாக ஒருவர் ஒற்றைக் காலில், இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்கிறார். அவரைப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் பெரிய யானை நிற்கிற இடத்தில் கீழே தேடுங்கள்: ஒரு பூனையும் அதே மாதிரி கையைத் தூக்கித் தவம் செய்துகொண்டிருக்கும், அதைச் சுற்றி எலிகள். இவ்வளவு பெரிய பாறையில், இவ்வளவு தேவர்களுக்கு நடுவில் இந்த நக்கலுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. அதைத் தாங்குவதுபோலப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரதத்தை ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும், காரணம் மேலே அம்மா சொல்லிவிட்டார்.

பதினொன்றரை வாக்கில் பைபாஸுக்கு வந்து கையைக் காட்டினால் புதுச்சேரி பஸ். சுமார் 95 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், சாலை அகலப்படுத்தும் வேலை நடந்தால் அதற்கு மேலும். வெயில் நேரம் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். மரக்காணம் வரும்போது மட்டும் விழித்திருங்கள், உப்பளங்களில் குவித்திருக்கும் உப்பு கண்ணைக் கூசும். இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்களுக்குச் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை என்று நிறுத்த இடங்கள் உண்டு. பஸ்ஸில் அதற்கெல்லாம் இறங்கி ஏறுவது பாடு.

5. மாலை: புதுச்சேரி பீச் ரோடு

நாலரைக்குப் போனால் கட்டடங்களின் நிழல் சாலைக்கு வந்திருக்கும். இருட்டும் நேரத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காலை வரை சாலை நடப்பவர்களுக்குத்தான். காந்தி சிலை, 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், எல்லாம் ஒரே வரிசை.

"பீச் எங்கே, பாறைதானே இருக்கு?" என்று முதல்முறை வருகிறவர்கள் கேட்பார்கள். இந்தக் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். ஊருக்குத் தெற்கே 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்பு கட்டியதும் மணல் அங்கேயே நின்றுவிட்டது, ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் கொண்டுபோனது, மிச்சத்தைக் காப்பாற்றப் பாறை கொட்டினார்கள். பின்னாளில் கடலுக்குள் ஒரு தடுப்பு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

6. மூன்றாம் நாள்: வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

எல்லாரும் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிற பிரெஞ்சுப் பகுதி இருக்கட்டும், அதை எப்படியும் பார்ப்பீர்கள். ஏழு மணிக்கு, அந்தப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்கும் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிக்கும் வாருங்கள். தெருவில் போகிறவர்களும் உட்காரட்டும் என்று தூண் வைத்துக் கட்டிய திண்ணைகள். சில வீடுகளில் கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சு ஜன்னல். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்த பாரதி குடியிருந்த வீடும் இங்கேதான், இப்போது நினைவகம்.

குளிக்க ஆசை இருந்தால் சுண்ணாம்பாற்றில் படகு பிடித்து மணல்திட்டுக்குப் போகலாம். ஆரோவில் போவதென்றால் அங்கே இருக்கிற தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க இலவசச் சீட்டு, உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

திரும்பும் பஸ்ஸை மூன்று மணிக்கு மேல் பிடியுங்கள். டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எட்டிப் பார்க்கிற கொஞ்சநஞ்சக் கடலும் அந்தப் பக்கம்தான், வெயில் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.